மேற்குப் பார்த்துத் திருப்பிய அரங்கம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலில் அறிவியல் கட்டடம் எழுந்தது. அடுத்து நிர்வாகக் கட்டடம், அதற்கடுத்து விருந்தினர் விடுதி, அதற்கும் அடுத்து விருந்தினர்களின் கார்கள் வெயிலில் காயாமல் இருக்க ஒரு கொட்டகை. கலைப்புலத்தின் முறை வந்தபோது வளாகத்தில் மிச்சம் இருந்தது ரோட்டோரத்து நிலம் மட்டும்தான். உத்தமபாளையத்துக்குச் சற்று முன்னால், கம்பம் ரோட்டின் கிழக்குப் பக்கம் அது. நிலத்துக்குப் பின்னால் தென்னந்தோப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல் வயல், அதற்கப்பால் மலை. பார்க்க அழகான இடம். ஆனி ஆடியில் அங்கே நின்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

மேல்காற்று. எங்கள் பள்ளத்தாக்கில் அதை மேகாத்து என்போம். வைகாசிக் கடைசியில் மலை இடுக்கு வழியாக இறங்கினால் ஆவணி வரை ஓயாது. வாழைத் தோட்டத்தில் ஓர் இலை முழுதாக இருக்காது. தகரக் கூரைகளின் மேல் கல்லை ஏற்றி வைப்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் வீடு கட்டும்போது மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்கவே யோசிப்பார்கள். மனை அமைப்பினால் வேறு வழியில்லாமல் மேற்கே வாசல் வைத்தவர்களும் ஆடியில் அதைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறமாகப் புழங்குவார்கள். இதை யாரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. சோற்றில் மண் விழுந்து விழுந்து நாங்களாகக் கற்றுக்கொண்டது.

நான் நிகழ்கலைத் துறையில் நாடகம் கற்பித்தவள். திராட்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு நாடகம் படிக்கப் போனதே என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அதைக் கற்பிக்க ஒரு பல்கலைக்கழகம் எனக்கு வேலை கொடுத்தது என்பது இன்னும் செரிக்கவில்லை. "கூத்துக் கட்டுறதுக்கெல்லாமா காலேசு வச்சிருக்காக?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடக் கேட்டிருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே ரசம் கேட்பேன். சிரிக்கக் காரணம் இருந்தது. எங்களுக்கு ஓர் அரங்கம் வரப்போகிறது என்று அப்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

துறை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பயிற்சி இருசக்கர வாகனங்கள் நிறுத்தும் ஷெட்டில்தான் நடந்தது. மாணவர்கள் வண்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடிப்பார்கள். யாராவது வண்டி எடுக்க வந்தால் ராஜாவும் மந்திரியும் ஒதுங்கி வழிவிடுவார்கள். துறைக்கு நிரந்தர அனுமதி அப்போது கிடையாது. முதல் தடவை வந்த ஆய்வுக்குழு ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: அரங்கம் கட்டுங்கள், மறுபடி வருகிறோம், அதில் உங்கள் மாணவர்கள் நடிப்பதைப் பார்த்துவிட்டுத் துறை இருக்கட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். ஆகவே கலைப்புலக் கட்டடம் என்பது மற்றவர்களுக்கு வகுப்பறை, மின்விசிறி, கழிவறை. எங்களுக்கு உயிர்.

கட்டடத்தை வரைய மதுரையிலிருந்து ஓர் இளம் பெண் வந்தார். ஆர்க்கிடெக்ட். அவர் முதன்முதலில் வந்தது தை மாதம், ஓர் இலைகூட அசையாத நாள். நான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த நிலத்தின் நடுவில் நிறுத்தி, காற்று எங்கிருந்து வரும், எப்போது வரும், எப்படி வரும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரோட்டுக்கு எதிரே இருந்த வேப்பமரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "உங்களுக்கு என்ன வேணும் மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

"மைக் இல்லாம, ஒருத்தி மெதுவாப் பேசுனா கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்றேன்.

இதைச் சொல்லும்போது என் மனதில் ஒரு மாணவி இருந்தாள். கம்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். மகளும் பள்ளி விடுமுறைகளில் கூடப் போயிருக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு ஒரு வரம் இருந்தது. அவளால் குரலை உயர்த்தாமல் கூட்டத்தை நிறுத்த முடியும். ஷெட்டில் வண்டி எடுக்க வந்த பையன்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பேசி முடிக்கும்வரை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கத்தி நடிக்கிறவர்களை நான் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. இப்படி ஒருத்தி வருவது அபூர்வம்.

ஆர்க்கிடெக்ட் வரைந்துகொண்டு வந்த படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேற்கே ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லாத கனமான சுவர், அதை ஒட்டி மேடை. காற்று வந்து அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்தார். வாசல் கிழக்கே, லேசாக வடக்குச் சாய்வாக. அந்த முகப்பு முழுக்க ஜாலிக்கல், அதாவது ஓட்டை ஓட்டையாக வார்த்த சிமென்ட் கற்களால் ஆன சுவர். வெளிச்சமும் மெல்லிய காற்றும் அது வழியாக வரும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த கட்டடம். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள்கூட இவ்வளவு சரியாக யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் என்ன யோசிப்பார்கள் என்பது கட்டடக் குழுக் கூட்டத்தில் தெரிந்தது.

குழுவின் தலைவர் பொருளாதாரப் பேராசிரியர். சின்னமனூரில் வீடு. நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். யாருக்கும் எதையும் இல்லை என்று சொல்லாதவர், எதையும் செய்தும் கொடுக்காதவர். அவருக்கு அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. இது அவர் சொந்த விஷயம்தான், ஆனால் வளாகம் முழுக்கத் தெரிந்த சொந்த விஷயம். கார் பஞ்சர் ஆனாலும் சனி, மகனுக்குப் பார்த்த வரன் தட்டிப் போனாலும் சனி, ஆராய்ச்சி மாணவன் பாதியில் ஓடிப்போனாலும் சனி. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வருவார். எனக்கும் அந்தச் சாமி மேல் பக்தி உண்டு. இருந்தாலும் ஒரு மனிதர் தன் சோம்பேறித்தனத்தையெல்லாம் ஒரு சாமியின் தலையில் கட்டுவதைப் பார்க்கும்போது சாமிக்காக எனக்குக் கோபம் வரும்.

கூட்டத்தில் திரையில் படத்தைக் காட்டினார்கள். ஆர்க்கிடெக்ட் விளக்கிச் சொன்னார். டீ வந்தது. தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாசல் எங்கிட்டுப் பார்த்து இருக்கு?"

"கிழக்க சார். கொஞ்சம் வடக்க சாஞ்சு."

"அங்கிட்டு என்ன இருக்கு?"

"தென்னந்தோப்பு சார்."

"தோப்புக்கு அங்கிட்டு?"

ஆர்க்கிடெக்டுக்கு ஊர் தெரியாது. தலைவரே சொன்னார். "குச்சனூர். வாசல்ல நின்னா சனீஸ்வரருக்கு நேருக்கு நேர் நிக்கிற மாதிரியில்ல வருது? பார்வை அப்பிடியே உள்ள விழும். படிக்கிற புள்ளைக வந்து போற எடம்."

முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். குழுவில் இருந்த மற்றவர்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் விளையாட்டு இல்லை என்று புரிந்தது. எல்லாரும் தோட்டம் துரவு உள்ள குடும்பத்து ஆட்கள், பட்டம் வாங்கியவர்கள், வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குப் போய் வந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் மனதுக்குள் தங்கள் ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், வாராவாரம் போயி அவருக்கு நேரா நின்னு கும்பிட்டு வர்றீக. இம்புட்டுத் தூரம் தள்ளி இங்கன நின்னா மட்டும் ஆகாதா?" என்றேன்.

"அது வேறம்மா. நாம தேடிப் போறது வேற. வாசலை அவரு பக்கம் வச்சா, வான்னு கூப்பிட்ட மாதிரி ஆகிரும்."

தர்க்கம் என்று பார்த்தால் அதில் ஓட்டையே இல்லை. ஈசானிய மூலை வாஸ்துப்படி நல்லதாயிற்றே என்று ஒருவர் மெல்ல இழுத்தார். "ஈசானியம் நல்லதுதான். ஆனா அங்கன யாரு உக்காந்திருக்காகன்னு பார்க்கணும்ல?" என்று தலைவர் சொன்னதும் அவர் டீயைக் குடிக்கப் போய்விட்டார். பிறகு தலைவர் கண்டுபிடித்ததுபோல் சொன்னார், ரோட்டைப் பார்த்து வாசல் வைத்தால் எடுப்பாக இருக்கும், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள் என்று. ரோடு மேற்கே.

"மேகாத்து சார்" என்றேன். அந்தச் சொல்லைத் தவிர அந்த அறையில் வேறெதையும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். எல்லாரும் அதில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வளர்ந்தவர்கள். ஒருவரும் நிமிரவில்லை. எனக்குச் சூடு ஏறிவிட்டது. "சார், நீங்க சின்னமனூர்ல வீடு கட்டுனீகளே, மேக்க ஒரு சன்னலாச்சும் வச்சீகளா?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அது வீடும்மா. படுத்து எந்திரிக்கிற எடம். இது கட்டடம்."

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. எங்கள் ஊரில் பொதுக்காரியங்கள் எல்லாம் ஏன் இப்படி இருக்கின்றன என்று யாராவது என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ரோடு, சாக்கடை, பள்ளிக்கூடம், பஸ் நிலையம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியம் போதும். தன் வீட்டுக்கு என்றால் ஒரு ஜன்னலுக்கு நாலு பேரிடம் விசாரிப்பார்கள். ஆயிரம் பேர் புழங்கும் இடம் என்றால் அது கட்டடம்.

"படத்தைத் திருப்பிப் போட்டாப் போச்சு" என்று தலைவர் அலுவலக உதவியாளரைப் பார்த்துக் கைகாட்டினார். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ அழுத்தினார், படம் கால்வாசி திரும்பியது. இன்னொரு தடவை அழுத்தினார், தலைகீழாகிவிட்டது. மேடை கிழக்கே போனது, வாசலும் ஜாலிக்கல் முகப்பும் மேற்கே வந்தன. 'அரங்கம்' என்ற எழுத்து கவிழ்ந்து கிடந்தது. வடக்கைக் காட்டும் அம்புக்குறி தெற்கைக் காட்டியது. "எழுத்து மட்டும்தான் தலைகீழா இருக்கு. அதை இவுக சரி பண்ணிருவாக" என்றார் தலைவர். ஆர்க்கிடெக்ட் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

கூட்டம் முடிந்து வராந்தாவில் வணிகவியல் பேராசிரியர் என்னோடு நடந்து வந்தார். உத்தமபாளையத்து முஸ்லிம் குடும்பம், எனக்கு நெடுநாள் பழக்கம், குழுவில் எனக்கு இருந்த ஒரே தெம்பு. கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க சொன்னது சரிதான் மேடம். ஆனா சனி, பார்வைன்னு வந்ததுக்கப்புறம் நான் வாயைத் தொறந்தா பேச்சு வேற பக்கம் போயிரும். தப்பா நினைக்காதீக" என்றார். தப்பாக நினைக்கவில்லை என்றேன். அது பொய். அவரைப் பேச விடாத ஊரின் மேல் வர வேண்டிய கோபம் என்று தெரிந்தும் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

ஆர்க்கிடெக்ட் தன்னால் முடிந்தவரை போராடினார். வாசலை மாற்றினால் உள்ளமைப்பையும் மாற்றி வரைய வேண்டும், சில வாரங்கள் கொடுங்கள் என்று கேட்டார். நல்ல நாள் குறித்தாகிவிட்டது, நேரம் இல்லை, இஷ்டம் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. ஒருநாள் எனக்கு போன் செய்தார். "மேடம், நீங்க சொன்னீங்கன்னுதான் அந்தச் சுவரை அப்படி அடைச்சேன். இப்ப அது கிழக்க நின்னு எதை மறிக்கப் போகுதுன்னு எனக்கே தெரியல" என்றார். நான் துணைவேந்தரைப் பார்க்கப் போனேன். அவர் வெளியூர்க்காரர், நாகரிகமானவர். உட்காரச் சொன்னார், முழுவதும் கேட்டார், உள்ளூர் நம்பிக்கைகளில் தான் தலையிடுவது நன்றாக இருக்காது என்றார். வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

கட்டடம் எழுந்தது. பூமி பூஜை, அஸ்திவாரம், கான்கிரீட், எல்லாம் ஒழுங்காக நடந்தன. வேலையில் குறை சொல்ல முடியாது. தப்பான இடத்தில் வெகு நேர்த்தியாகக் கட்டினார்கள். ஜாலிக்கல் வைக்கும் நாளில் நான் தலைவரிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன், உட்புறமாகக் கண்ணாடியாவது போடச் சொல்லுங்கள் என்று. "கண்ணாடி போட்டா எடுப்பு போயிரும்மா. ரோட்டுல இருந்து பார்த்தாத் தேர் மாதிரி இருக்கு, பாருங்க" என்றார். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

திறப்பு விழா தை மாதம். தை மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்கைப்போல் சாதுவான ஊர் உலகத்திலேயே கிடையாது. ரிப்பன் வெட்டினார்கள், பேசினார்கள், ஒவ்வொரு வார்த்தையும் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. தலைவர் என்னைத் தேடி வந்து, எல்லார் முன்னாலும், "எங்கம்மா உங்க மேகாத்து? லீவுல போயிருச்சா?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கே ஒரு சபலம் வந்தது. நான்தான் பெரிதுபடுத்திவிட்டேனோ, சுவர் கிவர் வந்த பிறகு காற்று அவ்வளவாக உள்ளே வராதோ என்று. மாணவர்களை அழைத்துக்கொண்டு போய் மேடையில் நிற்க வைத்தேன். கம்பத்துப் பெண் மேடையில் நின்று இருட்டான கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நம்மளுதா மேடம் இது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆய்வுக்குழு ஆடியில் வந்தது.

நாளை மாற்றச் சொல்லிக் கேட்டேன். குழுவின் நாளை நாம் மாற்ற முடியாது என்றார்கள். அப்படியென்றால் பழைய ஷெட்டில் நடத்துகிறேன், அது நிர்வாகக் கட்டடத்தின் மறைவில் இருக்கிறது, காற்று வராது என்றேன். "புதுக் கட்டடத்தை வச்சிக்கிட்டு வண்டி ஷெட்டுல நடத்துனா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாக?" என்றார் தலைவர். அரங்கம் கட்டினோம் என்று காட்டுவதற்குத்தானே அவர்களை வரச் சொன்னது. அந்தப் பேச்சிலும் தர்க்கத்துக்குக் குறைவில்லை.

மாணவர்கள் தாங்களே எழுதிய நாடகம் அது. விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்குப் போகும் ஜீப், அதில் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள். செக்போஸ்டில் ஜீப் நின்று எஞ்சின் அடங்கும்போது ஓர் அம்மா பக்கத்தில் இருக்கும் மகளிடம், மற்றவர்கள் காதில் விழாமல், ஒரே ஒரு வரி சொல்வாள்: "நாளையிலருந்து நீ வராத ஆத்தா. நான் ஒருத்தி போதும்." அவ்வளவுதான் நாடகம். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதெல்லாம். அந்த அம்மாவாக நடித்தவள் கம்பத்துப் பெண். ஷெட்டில் ஒத்திகையின்போது அவள் அதைச் சொன்னால் நான் குறிப்பு எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன்.

திரை விலகியபோதே ஜாலிக்கல் ஊதத் தொடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில். நடுநடுவே தூசி. முன்வரிசையில் இருந்த ஆய்வுக்குழுவினர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். மைக் வையுங்கள் என்று யாரோ சொல்ல, ஓடிப்போய் வைத்தார்கள். காற்று மைக்கில் மோதி ஒலிபெருக்கி உறுமியது. குழுவில் ஓர் அம்மையார் காதில் கையை வைத்து முன்னால் சாய்ந்து கேட்டுப் பார்த்தார், கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார். மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் குரலை உயர்த்தினார்கள். செக்போஸ்டு வந்தது. அந்தப் பெண் என்னைத் தேடினாள், பக்கவாட்டில் நான் நிற்பதைப் பார்த்தாள். நான் என்ன சைகை காட்டியிருக்க முடியும்? அவள் மூச்சை இழுத்துக்கொண்டு அந்த வரியைக் கத்தினாள். சந்தையில் ஏலம் போடுகிறவர்கள் கத்துவதுபோல், தொண்டை நரம்பு புடைக்க. அப்படியும் பாதிதான் கேட்டது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

முடிந்ததும் ஆய்வுக்குழுத் தலைவரிடம் போய்க் காற்றைப் பற்றிச் சொன்னேன். "புரியுது மேடம். ஆனா கட்டடம் ரொம்ப நல்லா இருக்கே. எல்லா வசதியும் பண்ணிக் கொடுத்திருக்காங்க" என்றார். கொஞ்ச நாளில் அவர்களுடைய முடிவு வந்தது. கட்டட வசதி மிகவும் திருப்தி. மாணவர்களுக்குக் குரல் பயிற்சி போதாது, நடிப்பு கூச்சல் மட்டத்தில் இருக்கிறது. புதிய சேர்க்கையை நிறுத்திவிடலாம், இருக்கிற மாணவர்களை வேறு துறைகளுக்கு மாற்றிவிடலாம்.

அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். துறை மூடுவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நான் கத்துனது தப்பா மேடம்?" என்றாள்.

"இல்லாத்தா. வேற என்ன செய்வ?"

"எங்கம்மா அப்பிடிக் கத்தாது மேடம்" என்றாள். பிறகு வணிகவியலுக்கு மாறுவதற்கு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். நான் அழுதேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம், ஆனால் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? என்னைத் தமிழ்த் துறைக்கு மாற்றினார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று நடத்தினேன்.

அரங்கம் சும்மா கிடக்கக் கூடாதல்லவா, தேர்வு மண்டபம் ஆக்கினார்கள். நாற்காலிகளைக் கழற்றிவிட்டு மேசை பெஞ்சு போட்டார்கள். அடுத்த ஆனியில் துணைத் தேர்வுகள் அங்கே நடந்தன. முதல் நாளே விடைத்தாள்கள் பறந்தன. மாணவர்கள் எழுந்து ஓடினார்கள், கண்காணிப்பாளர்கள் ஓடினார்கள், கிழக்குச் சுவரில் முட்டிச் சுழன்று திரும்பிய காற்றில் இரண்டு மூன்று தாள்கள் வாசல் கம்பிக் கதவைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டன. விடைத்தாள் வெளியே போனது என்றால் அது வழக்கு, விசாரணை, பதவிக்கு ஆபத்து. அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டார்கள். எடுப்பு, தேர், பஸ்ஸில் போகிறவர்கள், சனி, எதுவும் யாருக்கும் நினைவில் இல்லை. தலைவருக்கு ஏழரையும் முடிந்திருந்தது. அதே வாரத்தில் கொத்தனார்கள் வந்து மேற்கு முகப்பு முழுவதையும், வாசலோடு சேர்த்து, செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். பின்பக்கம், மேடைச் சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தார்கள். அது கிழக்கே, லேசாக வடக்குச் சாய்வாக இருந்தது. யாரும் அதைக் குறிப்பிடவில்லை.

எங்கள் குரல் பறந்தபோது ஒரு செங்கல் நகரவில்லை. காகிதம் பறந்தது, ஒரு வாரத்தில் சுவர் வந்துவிட்டது. இதை நான் தலைவரிடம் நேராகவே சொன்னேன். நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "காத்துக்கு ஒரு வழி பண்ணிட்டோம்லம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் இருக்கிறது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று எனக்கு யாரும் சொல்ல வர வேண்டாம். நான் ஆற்றிக்கொள்ள விரும்பவில்லை.

அதே மாதம் எனக்கு அங்கே கண்காணிப்பு வேலை போட்டார்கள். பட்டப்பகலில் குழல்விளக்குகள் எரிந்தன. வெளியே மேகாத்து உச்சத்தில் இருந்தது. ரோட்டைக் கடந்து உள்ளே வருவதற்குள் என் கண்ணெல்லாம் மண். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் அப்படியொரு அமைதி. பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. ஒருவர் செருமினால் எந்த மூலையிலிருந்து என்று தெரிந்தது. மதுரைக்காரப் பெண் வரைந்தபடி உயரமும் கூரையும் அப்படியே இருந்தன. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டிருந்தது.

மேடையின் மேல் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார மனம் வரவில்லை, நின்றுகொண்டிருந்தேன். கம்பத்துப் பெண் கடைசி வரிசையில் இருந்தாள். துறை மாறியவர்கள் விட்டுப்போன தாள்களை எழுத வேண்டும். அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பதிவியல். உள்ளே வந்தபோது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அதன்பின் நிமிரவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தாள்.

தேர்வு முடியச் சற்று நேரம் இருக்கும்போது அவள் எழுந்து நின்றாள். கையைத் தூக்கவில்லை. பக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி, "மேடம், இன்னொரு பேப்பர் வேணும்" என்றாள்.

மேடையில் நின்ற எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. தாளை எடுத்துக்கொண்டு இறங்கி, அவளிடம் போவதற்கு அந்த ஹால் முழுவதையும் நான் நடக்க வேண்டியிருந்தது.